தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கலாமா? ஓர் அக்காவின் கடிதத்துக்குப் பதில்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றைத் தவிர்க்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில், மகன் ஒன்பதாம் வகுப்பில். அவருடைய ஒரே தம்பிக்கு 36 வயது, வேன் ஓட்டுநர். தலைவலி, வாந்தி என்று மருத்துவமனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்திருக்கிறது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப் போயிருந்தன. எட்டு மாதமாக வாரம் இருமுறை டயாலிசிஸ். இதுவரை மூன்று பாட்டில் ரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள்.

தம்பிக்கு ஓ நெகட்டிவ், அவர் மனைவிக்கு பி பாசிட்டிவ். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மிச்சம் இருப்பது அக்கா மட்டும். அவருக்கு ஓ பாசிட்டிவ். "நீதான் பொருந்துகிறாய்" என்று பிறந்த வீட்டில் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். "பொம்பளை உடம்பு பாதியாகிவிடும், அப்புறம் குடும்ப வாழ்க்கைக்கே லாயக்கில்லை" என்கிறார் மாமியார். தம்பி தன் பெயரில் உள்ள வீட்டை எழுதிக் கொடுத்தால் சம்மதிக்கிறேன் என்கிறார் கணவர். உறவினர் ஒருவரோ, "அவனுக்குத்தான் தினமும் ஒரு லிட்டர் சிறுநீர் போகிறதே, அப்படியானால் கிட்னி வேலை செய்கிறதுதானே, இலைச்சாறு குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். இந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்து வாசகிக்கு இடுப்பு வலி வேறு. "என் கிட்னியே பலவீனமோ? நான் கொடுக்க வேண்டுமா, மறுத்தால் பாவமா? எனக்குத் தூக்கமே இல்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

கொடுப்பதா மறுப்பதா என்ற இடத்தில் நின்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை என்பதுதான் என் எண்ணம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொண்டு அடுத்த 40 ஆண்டுகளை நல்லபடியாக வாழும் நிலையில் உங்கள் உடம்பு இருக்கிறதா? இதை யாரும் இதுவரை பரிசோதித்துப் பார்க்கவில்லை. ரத்த வகை ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து உங்கள் வீட்டார் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அது முதல் படி மட்டுமே.

நீங்கள் பாசிட்டிவ், தம்பி நெகட்டிவ் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ரத்தம் ஏற்றும்போது அது முக்கியம், சிறுநீரக மாற்றில் அது தடையில்லை. அதைவிட முக்கியமானது திசுப் பொருத்தம். உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பாதிப் பொருத்தத்துக்கு இரண்டில் ஒரு பங்கு. கொஞ்சமும் பொருந்தாமல் போக மறுபடி நாலில் ஒரு பங்கு. பொருத்தம் குறைவாக இருந்தாலும் இன்றைய மருந்துகளால் மாற்று சிகிச்சை செய்ய முடியும். ஆனால் தம்பிக்கு மூன்று முறை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் அந்நியத் திசுக்களைத் தாக்கும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் அவர் உடம்பில் உருவாகியிருக்கலாம். உங்கள் ரத்தத்தையும் அவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனையில்தான் அது தெரியும். அந்தச் சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால், அதாவது உங்கள் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது தெரிந்தால், ரத்த வகை ஒன்றாக இருந்தாலும் உங்கள் சிறுநீரகத்தை அப்படியே வைக்க முடியாது.

சிறுநீர் போகிறது, பிறகு எதற்கு டயாலிசிஸ்?

உங்கள் உறவினர் கேட்டது நியாயமான கேள்விதான், பலரும் கேட்பார்கள். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்ற பாதிக் குழப்பமும் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்தால் எடை சுமார் 300 கிராம். ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம். இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். உள்ளே, ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பக்கத்திலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு, குளோமருலஸ். ரத்தம் அதற்குள் அழுத்தத்தோடு போகும்போது நீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும் வடிந்து வெளியே வருகின்றன. ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. இப்படி ஒரு நாளில் வடிகட்டப்படும் நீர் 180 லிட்டர். நம் ரத்தத்தில் உள்ள பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கலான நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர்தான். ஆக அது முழுவதும் ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது.

அந்த 180 லிட்டரும் வெளியே போய்விட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டோம். அலமாரியைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கிவைப்பார்கள் இல்லையா, சிறுநீரகம் வேலை செய்யும் முறையும் அதுதான். குளோமருலஸுக்கு அடுத்துள்ள நீண்ட நுண்குழாய் சர்க்கரை முழுவதையும், நீரிலும் உப்பிலும் 99 சதவீதத்தையும் திரும்ப ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கிறது. பொட்டாசியம், அமிலம் போன்றவை கூடினால் வெளியே தள்ளுகிறது. கடைசியில் மிஞ்சும் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர்.

இப்போது தம்பியைப் பாருங்கள். அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 8 மி.லி. மட்டும் வடிகட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 11 லிட்டர் சொச்சம் வரும். பழுதான நுண்குழாய்களால் அதைச் சரியாகத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் ஒரு லிட்டர் வெளியே வந்துவிடுகிறது. பார்க்க சிறுநீர் போலத்தான் இருக்கும். ஆனால் 180 லிட்டர் ரத்த நீரிலிருந்து பிரிய வேண்டிய கழிவில் 11 லிட்டருக்கானது மட்டுமே வெளியேறுகிறது. மிச்சம் உடம்பிலேயே தங்கி கிரியாட்டினினாகவும் யூரியாவாகவும் ரிப்போர்ட்டில் தெரிகிறது. எவ்வளவு சிறுநீர் போகிறது என்பது ஒரு கணக்கு, எவ்வளவு கழிவு போகிறது என்பது வேறு கணக்கு. ஆனாலும் அந்த ஒரு லிட்டர் அவருக்கு நல்லதே. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் கோத்துக்கொள்வது அதனால் குறைகிறது.

டயாலிசிஸ் முடிந்ததும் அவருக்கு ஓர் ஊசி போடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணு உற்பத்தி செய்யத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம். அது சுரக்காததால்தான் தம்பி வெளுத்துப் போயிருக்கிறார், படியேறினால் மூச்சு வாங்குகிறது. அந்த ஊசி பெரும்பாலும் அதே ஹார்மோனாக இருக்கும். வைட்டமின் டி-யை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனினைச் சுரப்பதும் சிறுநீரகமே. டயாலிசிஸ் இயந்திரம் கழிவையும் நீரையும் எடுக்கும், இந்த வேலைகளைச் செய்யாது. 36 வயதுக்காரருக்கு டயாலிசிஸைவிட மாற்றுச் சிறுநீரகம் நல்லது என்று மருத்துவர்களான நாங்கள் சொல்வது இதனால்தான்.

இலைச்சாறு வேண்டவே வேண்டாம். சுருங்கி வடுவாகிப் போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, இலைச்சாறுகளிலும் பழச்சாறுகளிலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியம். தம்பியின் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது. அது ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும். இதை உறவினரிடம் நீங்களே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உங்கள் இடுப்பு வலி

சிறுநீரகங்கள் இடுப்பில் இல்லை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கடைசி விலா எலும்புகள் ஓரளவு மறைக்கும் உயரத்தில், வயிற்றறைக்குப் பின்புறம் ஒட்டியிருக்கின்றன. மேலே கல்லீரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். நீங்கள் சொல்கிற இடம் சேலை கட்டும் இடத்துக்கும் கீழே. தையல் மெஷினில் மணிக்கணக்கில் குனிந்து உட்காருகிறவர்களுக்கு அங்கே வலிப்பது பெரும்பாலும் தசையும் முதுகெலும்பும்தான். சிறுநீரகம் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. தம்பிக்கே வலித்ததில்லையே! வலியை வைத்துச் சிறுநீரகத்தின் பலத்தை அளக்க முடியாது. அந்த வலிக்காக நீங்களாகக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் வாங்கிப் போடாமல் இருங்கள். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும் மருந்துகள் அவை.

ஒன்றைக் கொடுத்தால் என்ன மீதி?

உடம்பு பாதியாகிவிடும் என்று உங்கள் மாமியார் பயப்படுகிறார். பயம் உண்மையானது, கணக்கு சரியில்லை. ஒரு சிறுநீரகத்தை எடுத்த உடனே வடிகட்டும் திறன் பாதியாவது நிஜம். ஆனால் சில வாரங்களுக்குள் மற்றது ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். புதிய நெஃப்ரான்கள் உருவாவதில்லை, இருப்பவையே சற்றுப் பெருத்து அதிக ரத்தத்தை வாங்கி அதிகம் வடிகட்டுகின்றன. கடைசியில் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து செய்த வேலையில் 60 முதல் 70 சதவீதம் வரை ஒன்றே செய்யும். அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். பிறவியிலேயே ஒரு சிறுநீரகத்தோடு பிறந்து, அது தெரியாமலே வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள்.

தாம்பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருப்பையும் சினைப்பைகளும் வேறு இடத்தில், வேறு ரத்தக் குழாய்களோடு இருக்கின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்டாற்போல் இருக்கும் அட்ரினல் சுரப்பியையும் அறுவை மருத்துவர் அப்படியே விட்டுவிடுவார். காயம் ஆறும் வரை, சுமார் ஒன்றரை மாதம், குடம் தூக்குவது போன்ற கனமான வேலைகள் கூடாது. அப்புறம் தையல், சமையல், கடை எல்லாவற்றையும் முன்போலவே பார்க்கலாம்.

இப்போது ஆபத்துகள். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அறுவை சிகிச்சையால் கொடையாளர் இறக்கும் வாய்ப்பு, 2010இல் வெளியான அமெரிக்கக் கணக்குப்படி, 10,000 பேரில் சுமார் 3 பேர். சிறியது, ஆனால் பூஜ்யம் இல்லை. ரத்தப்போக்கு, காயத்தில் கிருமித் தொற்று, நிமோனியா போன்றவை அதைவிட அதிகம் பேருக்கு வரும், பெரும்பாலும் சரியாகிவிடும். நீண்டகால ஆபத்து வேறு. அமெரிக்காவில் 96,000 கொடையாளர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், 15 ஆண்டுகளுக்குள் கொடையாளர்களில் 10,000 பேரில் சுமார் 31 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் அந்த எண்ணிக்கை சுமார் 4. இரண்டுமே சிறிய எண்கள்தான். ஆனாலும் "ஒன்றுமே ஆகாது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது முழு உண்மை அல்ல. அந்த ஆய்வில் இருந்தவர்களும் கடுமையான பரிசோதனைகளில் தேறியவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு வரிகள்

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் இதுதான். "மகன் வயிற்றில் இருந்தபோது சுகர் இருந்தது, பிரசவம் வரை இன்சுலின் ஊசி போட்டார்கள், பிறகு சரியாகிவிட்டது" என்று ஒரு வரி. "அப்பா 50 வயதில் உடம்பெல்லாம் வீங்கி, மூச்சுத் திணறி இறந்தார், ஹார்ட் என்றார்கள்" என்று இன்னொரு வரி.

முதலில் சர்க்கரை. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்து போன பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்களுக்கு இன்சுலின் தேவைப்பட்டிருக்கிறது. அம்மாவுக்கும் சர்க்கரை நோய். அது வந்த எல்லோருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை, ஆனால் கணிசமானவர்களுக்குக் கெடுகிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு 55 வயதில் சர்க்கரையைச் சந்திப்பது, இரண்டோடு சந்திப்பதைவிடக் கடினம். நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் வெறும் வயிற்று ரத்தச் சோதனையோடு விடமாட்டேன். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இரண்டையும் பார்ப்பேன். அதில் சிறிய குறை இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லாம் சரியாக இருந்தாலும்கூட, பல மருத்துவமனைகள் உங்கள் வயதையும் குடும்பத்தையும் பார்த்துத் தயங்கும். அந்தத் தயக்கம் உங்கள் நன்மைக்காகத்தான்.

அடுத்தது அப்பா. உடம்பு வீங்கி மூச்சுத் திணறுவது இதயத்தாலும் வரலாம், சிறுநீரகத்தாலும் வரலாம். 36 வயதில் இரண்டும் சுருங்கிப் போன தம்பி, 50 வயதில் வீங்கி இறந்த அப்பா என்றால் பரம்பரை நோய் ஏதும் ஓடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நீர்க்கட்டி நோயாக இருந்தால் சிறுநீரகம் பெருக்கும், அதனால் அது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் குளோமருலஸின் சல்லடையையே பழுதாக்கும் மரபு நோய்கள் சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனதா, சிறுநீரில் ரத்தம் போனதா என்று அம்மாவிடம் விசாரியுங்கள். தம்பியின் நோய்க்குக் காரணம் என்ன என்பதற்கு ஒரு பதில் கிடைக்கும் வரை, அல்லது உங்களிடம் அது இல்லை என்று உறுதியாகும் வரை, உங்கள் சிறுநீரகத்தில் யாரும் கைவைக்கக் கூடாது.

முதல் சோதனை எளிது, செலவும் குறைவு. காலைச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் ரத்தமும் இருக்கிறதா என்பது, ரத்தத்தில் கிரியாட்டினின், வேறு வேறு நாட்களில் ரத்த அழுத்தம். மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் 138/88 என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்தில் ஏறியிருக்கலாம். 24 மணி நேரமும் அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இவற்றில் தேறினால்தான் மற்றவை: ஒவ்வொரு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேன், ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம், இதயம், நுரையீரல், கருப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள், மனநல ஆலோசனை. இரண்டில் ஒன்று கூடுதலாக வேலை செய்தால் அது உங்களுக்குத்தான். குறைவானதைத்தான் எடுப்பார்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெரும்பாலும் இடது. காரணம் உடலமைப்பு: வலது சிறுநீரகத்தின் சிரை, அதாவது ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய், 2 முதல் 4 செ.மீ. நீளம்தான், இடது பக்கத்தில் அது பெருந்தமனியைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் 6 செ.மீ.க்கு மேல் இருக்கும். தம்பியின் ரத்தக் குழாயோடு வைத்துத் தைக்க நீளம் இருந்தால் வசதி. தம்பிக்கு அதை முதுகுப் பக்கம் வைக்க மாட்டார்கள். முன்பக்கம், அடிவயிற்றில் வைத்து, காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைப்பார்கள். அவருடைய பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வீட்டை எழுதி வாங்குவது

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறுப்புக்காகப் பணமோ பண மதிப்புள்ள எதையுமோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை. அக்கா தம்பி என்பதால் விலக்கு கிடையாது. உறுப்பு எடுக்கும் நேரத்தில் வீடு கைமாறினால், மருத்துவமனை கோப்பை அப்படியே நிறுத்திவிடும், எல்லோரும் சிக்கலில் மாட்டுவீர்கள். ஆனால் உங்கள் மருத்துவச் செலவையும், தையல் வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமான இழப்பையும் தம்பி ஈடுகட்டுவதை அதே சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்பாவின் சொத்தில் மகளாக உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று நினைத்தால், அது தனி விஷயம். நல்ல வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள். உரிமையாக வர வேண்டியதைச் சிறுநீரகத்துக்கு விலையாக வாங்காதீர்கள்.

கணவர் சம்மதிக்காவிட்டால் கொடுக்கவே முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தைத்தான். தந்தைக்குச் சிறுநீரகம் கொடுக்க விரும்பிய மணமான பெண் ஒருவரின் வழக்கில், கணவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்க சட்டத்தில் இடமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மருத்துவமனைகள் கணவரையும் அழைத்துப் பேசவே விரும்பும். அறுவைக்குப் பிறகு உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான், அதனால் அவருடைய பயத்தையும் மருத்துவர் முன்னால் கொட்டவிடுவது நல்லது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

நீங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட "எனக்குக் கொடுக்க ஆசை" என்றும் எழுதவில்லை, "எனக்கு இஷ்டமில்லை" என்றும் எழுதவில்லை. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

விளைவுகள், சிக்கல்கள் அனைத்தையும் கொடையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் 12ஆம் பிரிவு. கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் வழியாக உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. குடும்பங்களில் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ அம்மாவாகவோ அக்காவாகவோ இருப்பதால் வந்த விதி இது. ஆகவே மருத்துவரிடம் "நான் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். தம்பியின் மருத்துவர் அல்லாமல், உங்கள் நலனை மட்டும் பார்க்கும் வேறொரு மருத்துவராக இருந்தால் இன்னும் நல்லது. கையெழுத்துப் போட்ட பிறகும், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை நீங்கள் பின்வாங்கலாம். உங்களுக்கு மனமில்லை என்று தெரிந்தால் "கொடுக்கத் தகுதியில்லை" என்று மட்டும் வீட்டாருக்குத் தெரிவிப்பது பல மையங்களின் வழக்கம். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள்.

மறுப்பது பாவமா என்று கேட்டீர்கள். இல்லை. தம்பியின் நோய் உங்களால் வந்தது அல்ல, நீங்கள் மறுத்தால் அவருக்கு வழியே இல்லை என்பதும் உண்மை இல்லை. கொடுத்த சிறுநீரகமும் நிரந்தரம் கிடையாது. உயிரோடு இருப்பவர் கொடுத்தது நன்றாக அமைந்தால் 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைக்கும், சிலருக்கு முன்னதாகவே நின்றுவிடும். உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க நேரம் தவறாமல் போட வேண்டும். "அக்கா கொடுத்தாள், இனி கவலையில்லை" என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. மாத்திரையை நிறுத்தியதால் சிறுநீரகத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு வேறு வழிகள்

நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகம் பெறுவதற்கான மாநிலப் பட்டியலில் பதிவு செய்யட்டும். மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனை மூலமாகத்தான் பதிவு செய்ய முடியும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2008லிருந்து ஒழுங்காக நடக்கிறது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம், அதனால்தான் எட்டு மாதத்தை வீணாக்கியதில் எனக்கு ஆதங்கம். அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு.

தம்பியின் மனைவி பி வகை என்று அவரை அப்படியே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிளாஸ்மாவை மாற்றி ஆன்டிபாடிகளைக் குறைத்துவிட்டு, வகை மாறிய சிறுநீரகத்தையும் வைக்கிறார்கள். செலவும் தொற்று ஆபத்தும் கூடுதல். இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு கொடையாளரை மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஓ வகை நோயாளிக்கு அப்படி ஜோடி அமைவது சிரமம்.

அதுவரை டயாலிசிஸ். வாரம் இரண்டு முறை போதுமா, மூன்றாக்க வேண்டுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்ட கையில் ஊசியும் ரத்த அழுத்தப் பட்டையும் வேண்டாம், அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம்.

ஒருவேளை எல்லாச் சோதனையிலும் தேறி, மனமுவந்து நீங்கள் கொடுத்தீர்கள் என்றால், அதன் பிறகு வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் முன்பு 0.7 இருந்தால் 1.0 அல்லது 1.1 ஆகலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த மருத்துவரிடம் போனாலும் ஒற்றைச் சிறுநீரகம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டாலும் வருடாந்தரச் சர்க்கரைப் பரிசோதனை உங்களுக்குக் கட்டாயம்.

மருத்துவமனைக்குப் போகும்போது அப்பாவின் பழைய சீட்டுகள் ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள். அக்கா தம்பி என்பதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் கேட்பார்கள். மகன் பிறந்தபோது பார்த்த ஃபைல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இன்சுலின் போட்டதை மட்டும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்காமல் யாராவது "எல்லாம் சரி" என்று சொன்னால், நீங்களே மறுபடி எடுத்துச் சொல்லுங்கள்.